அந்தக் கை யாருடையது?

எல்லோரும் பூட்டு என்று கூப்பிடும் அவள், டயர் கழற்றும் லிவரைச் செருகினாள். முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். 'டப்' என்ற சத்தத்தோடு லாரி டயர் விளிம்பை விட்டுக் கழன்றது.

"ஏங்க, கடையைச் சாத்துங்க. கிளம்பலாம்" என்றாள், பக்கத்துத் தெருவில் டீ குடித்துவிட்டு வரலாம் என்பது போல.

கணவர் அவள் விரல்களைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. "இந்தக் கையோடயா? கேமராவுல காட்டுவாங்கடி."

"இன்னிக்குப் பேச்சே என் கையைப் பத்தித்தானே? நல்லாவே பாக்கட்டும்."

பூட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஜூடோ பயிற்சிக் கூடத்துத் தோழிகள் வைத்தது. எதிராளியின் கையை அவள் ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் சாவி கிடையாது. அந்தக் காலத்தில் நகரமே அவளைப் பற்றிப் பேசப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும்தான். ஆனால் தொழில்முறையில் அவளுக்கு வாய்த்தது ஒரே ஒரு சண்டை. பதிவேட்டில் அதன் எதிரே இருப்பது ஒரே ஒரு சொல்: தோல்வி.

அந்தத் தோல்வியைத்தான் இன்று அவள் அழிக்கப்போகிறாள். இன்று விட்டால் எப்போதுமே முடியாது.

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, கராத்தே என எல்லா வித்தைக்காரர்களையும் ஒரே வலைக்குள் விட்டு மோதவைக்கும் கலப்புச் சண்டை, இந்த நகரத்தில் முதன்முதலாக நடந்த இரவு. இடம், மூடிக் கிடந்த ஒரு ஸ்கேட்டிங் அரங்கம். கூண்டு, கோழிப்பண்ணைக்குப் போடுகிற கம்பிவலை. கையுறைகள், ஏற்பாட்டாளர் மொத்தமாக அள்ளி வந்த ஒரே சரக்கு. அத்தனையும் சிவப்பு. யார் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிரிக்க நிறம் வேண்டுமே என்ற யோசனை யாருக்கும் வரவில்லை.

மறுநாள் காலை ஏற்பாட்டாளர் ஊரிலேயே இல்லை. இரண்டாவது போட்டி நடக்கவும் இல்லை. புகார் சொல்லப் போனால் கதவே இல்லை, எங்கே தட்டுவது?

இப்போது கதவு வந்துவிட்டது. விளையாட்டு பெரிதாகி, சங்கம் அமைத்து, பழைய முடிவுகளை முறையாகப் பதிவு செய்கிறார்கள். அந்த முதல் போட்டியைப் பற்றி இன்று ஒரு டிவி நிகழ்ச்சி. பதிவுக் குழுத் தலைவரும் வருகிறார். படப்பிடிப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட்டு ஏட்டை மூடப்போகிறார். அவர் வேறு யாருமல்ல, அன்றைக்கு அந்தச் சண்டைக்கு நடுவராக இருந்தவரேதான்.

*

படப்பிடிப்பு நடந்த இடம் இடியின் உடற்பயிற்சிக் கூடம். இடி, அன்று பூட்டை வென்றவள். குத்துச்சண்டைக்காரி. வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு அவள் படம். கீழே பெரிய எழுத்தில்: 'முதல் பெண் வெற்றியாளர்.'

"வாடி, பூட்டு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. செம்பு நிறச் சாயம் பூசிய தலைமுடி, அகன்ற தோள். வயது ஏறியிருந்தது, குரல் இறங்கவில்லை. "என்ன, துரு ஏறிடுச்சா? இல்ல இன்னும் வேலை செய்யுதா?"

"கையை விட்டுப் பாரேன்."

இடி விழுந்து விழுந்து சிரித்தாள். கணவரைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக. "அண்ணே! அன்னிக்கு இவ மூலையில பக்கெட்டைத் தூக்கிட்டு நின்னீங்களே, இன்னிக்குக் கொண்டு வரலையா?"

"வண்டியில இருக்கு. உனக்கு வேணும்னா எடுத்துட்டு வரேன்" என்றார் அவர்.

நடுவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பூட்டு வணக்கம் சொன்னபோது எழுந்து நின்று பதில் சொன்னார். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்தது. தன் சண்டையை முடித்துவைத்த மனிதர் என்றாலும் நேர்மையானவர் என்று அவளுக்குத் தெரியும். தவறாகப் பார்த்தாரே தவிர, பொய்யாகப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சித் தொகுப்பாளன் இளைஞன். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்ததோ என்னவோ, ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை. "ஒளிப்பதிவு கிடைச்சிருக்கு! முதல்ல அதைப் பாத்துடலாம்" என்று திரையை உயிர்ப்பித்தான்.

முதல் சண்டையில் கராத்தே வாத்தியார் இடுப்பை வளைத்து எதிராளிக்கு முறைப்படி வணக்கம் வைத்தார். எதிராளிக்கு அந்த முறை தெரியாது. வாத்தியார் நிமிர்வதற்குள் முகத்தில் ஒன்று விழுந்தது. அடுத்ததில் ஒரு மல்யுத்தக்காரர் எதிராளியின் இரு தோளையும் தரையில் அழுத்திவிட்டு, ஜெயித்தாகிவிட்டது என்று எழுந்து கூட்டத்துக்குக் கையசைத்தார். கீழே கிடந்தவன் எழுந்து வந்து பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தான்.

தொகுப்பாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யாருக்குமே சட்டம் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும் தம்பி" என்றாள் பூட்டு. "அவங்கவங்க வீட்டுச் சட்டம். நாலு வீட்டு மருமகளுங்களை ஒரே அடுப்படியில விட்ட மாதிரி."

திரையில் இப்போது அவர்கள் இருவரும். இளமையான இடி, குத்துமழை. இளமையான பூட்டு பின்வாங்கி, பின்வாங்கி, சட்டென்று மல்லாந்து விழுந்தாள். இடி மண்டியிட்டு அவள் மேல் பாய்ந்து வலக்கையை ஓங்கினாள். இறங்கிய கை திரும்பவில்லை. பூட்டின் கால்கள் இடியின் கழுத்தையும் மார்பையும் வளைத்துக்கொண்டன. முழங்கை வளையக் கூடாத பக்கம் வளையத் தொடங்கியது...

சட்டென்று கேமரா திரும்பியது.

திரையில் தலைமை விருந்தினர். கம்பிவலை வியாபாரி. சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ!" என்றான் தொகுப்பாளன்.

படம் பிடித்தவர் கல்யாண வீட்டு வீடியோக்காரர். மணமேடையில் என்ன நடந்தாலும் சரி, பெரிய மனிதர் அசைந்தால் கேமரா அங்கே போயாக வேண்டும் என்பது அவர் கைக்கு ஊறிப்போன வழக்கம். சோடா மெதுவாகத் தொண்டையில் இறங்கியது. பின்னணியில் சத்தம் மட்டும் கேட்டது. பட், பட், பட்.

யாரோ தரையைத் தட்டினார்கள். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

கேமரா திரும்பி வந்தபோது நடுவர் இடியின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பூட்டு தரையில் கிடந்தபடி வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

*

"நான் இடியோட முதுகுக்குப் பின்னாடி நின்னேன்" என்றார் நடுவர். "ஒரு சிவப்புக் கையுறை தரையில தட்டறது தெரிஞ்சுது. ரெண்டு பேருக்குமே சிவப்பு. கீழே கிடந்தது நீ. நான் குத்துச்சண்டையில வளந்தவன்மா. அங்கே கீழே கிடக்கறவங்கதான் தோக்கறவங்க."

"எங்க ஜூடோவுல கீழ படுத்துக்கிட்டே கையை உடைப்போம் சார்."

"அப்போ எனக்குத் தெரியாது. இப்போ தெரியும். ஆனா இப்போ தெரிஞ்சுக்கிட்டதை வெச்சு அப்போ பாத்ததை எப்படித் திருத்தறது? நான் பாத்தப்போ நீ ரெண்டு கையையும் விரிச்சுப்போட்டுப் படுத்திருந்தே. ஏதாவது ஒரு சாட்சி காட்டு, மாத்தறேன்."

"இவ தட்டினா, நான் விட்டேன். அதான் கையை விரிச்சேன். எங்க கூடத்துல எதிராளி தட்டின நொடியே விட்டுடணும். நடுவர் சொல்லட்டும்னு காத்திருந்தா அவங்க கை போயிடும்."

"ஏய், நிறுத்து" என்றாள் இடி. சிரிப்பு போயிருந்தது. "நான் பொய் சொல்றவ இல்லை. வலிச்சுது, ஒத்துக்கறேன். கண்ணுல பூச்சி பறந்துச்சு. ஆனா தட்டலை. நீதான் ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தட்டினே. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா என் கை ஒடிஞ்சிருக்காது?"

அவள் நடிக்கவில்லை. பூட்டுக்கு அது நன்றாகவே தெரிந்தது. இத்தனை வருடமாக இந்த ஒன்றைத்தான் இடி தனக்குச் சொல்லிச் சொல்லி நம்பியிருக்கிறாள். இந்த மாதிரிப் பேச்சைப் பேச்சால் உடைக்க முடியாது.

ஆனால் இடிக்கு ஒரு குணம் உண்டு. யார் கையிலும் அவளால் அகப்பட்டுக் கிடக்க முடியாது. விடுபட்டாக வேண்டும், விடுபட்டதைப் பத்துப் பேர் பார்த்தாகவும் வேண்டும்.

பூட்டு எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"பாய் இருக்கு, நீ இருக்கே, நான் இருக்கேன். அதே மாதிரி பண்ணிக் காட்டிடுவோமா?"

"இந்த வயசுலயா?" என்றார் கணவர்.

"டயர் கழட்டும்போது வயசு கேக்கறீங்களா?"

இடி ஏற்கனவே பாய்க்கு வந்துவிட்டாள். சவால் என்று காதில் விழுந்தால் அவள் கால் தரையில் நிற்காது.

பூட்டு மல்லாந்து படுத்தாள். இடி மண்டியிட்டு வலக்கையைக் கொடுத்தாள். கால்கள் கழுத்தையும் மார்பையும் சுற்றின. முழங்கை இடுப்புக்கு மேல் வந்தது.

"நீ சொன்ன மாதிரியே" என்றாள் பூட்டு. "ஒரு கையால பிடிக்கறேன். இன்னொரு கை, இதோ, தரையில. சரியா?"

"சரி."

"சார், பாத்துக்குங்க. ம்ம்."

இடி ஒரு மூச்சு இழுத்தாள். தோளைத் திருப்பி ஒரே உதறு. கை உருவிக்கொண்டு வந்தது. துள்ளி எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பாத்தியா? பாத்தீங்களா எல்லாரும்? ஒரு கையால என்னைப் பிடிக்க முடியுமா? அந்த வயசுல இன்னும் வேகமா உருவியிருப்பேன்!"

தொகுப்பாளன் கைதட்டினான்.

"உருவியிருப்பே" என்றாள் பூட்டு, படுத்தபடியே, குரலை உயர்த்தாமல். "அப்போ அன்னிக்கு ஏன் உருவலை?"

கைதட்டல் நின்றது.

இடியின் கைகள் தலைக்கு மேலேயே நின்றன. நடுவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

மெதுவாகக் கைகள் இறங்கின.

"உருவப் பாத்தேன்" என்றாள் இடி. குரல் முதன்முறையாகச் சின்னதாக இருந்தது. "எவ்வளவோ பாத்தேன். அசையலை. அப்போ உன் ரெண்டு கையும் என் மேலதான் இருந்திருக்கு." தன் வலது முழங்கையைத் தடவிக்கொண்டாள். பிறகு அவளே மறுபடி மண்டியிட்டாள். "ரெண்டு கையாலயும் பிடிடி."

"வலிக்கும்."

"பிடின்னு சொல்றேன்ல."

பூட்டு பிடித்தாள். கிரீஸ் படிந்த பத்து விரல்களும் மணிக்கட்டைச் சுற்றி மூடின. எத்தனையோ வருடம் லாரி டயரோடு மல்லுக்கட்டிய விரல்கள். இடுப்பை லேசாக மேலே தூக்கினாள். இடி உதறினாள். தோளைத் திருப்பினாள். பல்லைக் கடித்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான். அது காற்றில் அலைந்தது, எதையோ தேடியது, தரைக்கு வந்தது.

பட், பட், பட்.

அந்த நொடியே பூட்டு விட்டுவிட்டாள். கைகளை விரித்துப்போட்டு மல்லாந்து கிடந்தாள். மேலே இடி, கீழே அவள். அன்று நடுவர் கண்ட அதே காட்சி.

ஆனால் இந்த முறை நடுவர் நாற்காலியில் இல்லை. எப்போது வந்தாரோ, பாயின் ஓரத்தில் சலவைச் சட்டையோடு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேர்ந்து பாத்திருக்கணும்" என்றார். முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். "எழுந்திரும்மா."

அவள் மணிக்கட்டைப் பற்றித் தூக்கினார். அவருடைய வெள்ளைச் சட்டையின் விளிம்பில் கிரீஸ் ஒட்டியது. அவர் துடைக்கவில்லை. அந்தக் கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினார்.

கணவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மழையில் நனைந்தவர் மாதிரி.

"தம்பி!" பூட்டு கேமராக்காரனைக் கூப்பிட்டாள். "இந்த வாட்டியாவது இங்கே பாத்துட்டு இருந்தியா?"

"உங்க மேலதான்க்கா. இமைக்கக்கூட இல்லை."

இடி பாயில் உட்கார்ந்தபடியே வாசலைப் பார்த்தாள். "அந்தப் படத்தை இறக்கணுமே. ரெண்டு மாடி உயரம். ஏணி வேணும்."

"எங்க கடையில இருக்கு. அனுப்பி வைக்கறேன்."

"அனுப்பு." இடி எழுந்து முழங்கையை மடக்கி, நீட்டிப் பார்த்தாள். பழைய சிரிப்பு மெல்லத் திரும்பியது. "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அன்னிக்கு நின்னுக்கிட்டு இருந்தவரைக்கும் உன்னைத் துவைச்சு எடுத்தேன். அதை எந்த ஏட்டுலயும் மாத்த முடியாது."

"மறுக்கலையே. ரெண்டு நாள் கஞ்சிதான் குடிச்சேன்."

"அப்போ இன்னொரு தடவை பாத்துடுவோமா? நானும் நீயும்?"

பூட்டு செருப்பை மாட்டிக்கொண்டாள். "பாக்கலாம். இந்தத் தடவை எனக்கு நீலக் கையுறை" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "வாங்க, லாரிக்காரர் காத்துட்டு இருப்பார்."