ஐந்துக்கு இறங்காத தண்ணீர்

கடிதத்தை மேனேஜரே மைப்பேனாவால் எழுதி வைத்திருந்தார். 'மெஷின் ஓடும்போது தூங்கிவிட்டேன். என்சைம் போட மறந்துவிட்டேன்' என்று அவளே சொல்வதுபோல் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம். மேஜைக்குப் பக்கத்தில் நானூறு ஜீன்ஸ், வெளுக்க வேண்டிய இடத்தில் வெளுக்காமல், வந்த நீலத்திலேயே குவிந்து கிடந்தன.

"போட்டுடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன். அதே சலவை ஆலையில் டிரம்மில் துணி ஏற்றுகிறவன். "ஒரு காகிதம்தானே."

"காகிதம்தானேன்னா நீ போடேன்."

அவன் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

ஆலையில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். டிரம் மூடியைத் திறந்ததுமே, ஆசிட் போதுமா போதாதா என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாள். லாரித் தண்ணீரை நிறுத்திப் புது போர்த் தண்ணீரைத் திறந்து மூன்று நாள் ஆகிறது. அன்றிலிருந்து அந்தப் புளிப்பு நெடி ஏறவே இல்லை. முதல் நாளே போய்ச் சொன்னாள். "ஏம்மா, மோப்பம் பிடிக்கவா சம்பளம் குடுக்கறோம்?" என்று மேனேஜர் சிரித்துவிட்டு, நீலத்தை வெளுக்கவைக்கும் என்சைமை இரண்டு மடங்காகப் போடச் சொன்னார். போட்டாள். சும்மா உட்கார்ந்திருந்த என்சைம் கூட்டத்தோடு இன்னொரு கூட்டமும் வந்து சும்மா உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

"நான் தூங்கினத யாரு பாத்தா சார்?"

"யாரும் பாக்க வேணாம். துணியே சொல்லுது. கையெழுத்து போட்டா வேலை இருக்கும். இல்லன்னா நாளையிலேருந்து வர வேணாம்."

"அப்ப துணியையே கேப்போம்."

குவியலிலிருந்து ஒரு ஜீன்ஸை உருவி, இரண்டு காலையும் தனித்தனியாக வெட்டினாள். சாம்பிள் மெஷின் இரண்டிலும் ஆளுக்கொரு கால். அதே போர்த் தண்ணீர், அதே சூடு, அதே அளவு என்சைம். முதலாவதில் வழக்கமாக ஊற்றும் ஆசிட். எவ்வளவு புளிப்பு என்று காட்டும் பிஎச் தாளை முக்கினாள். பச்சை. ஏழரை. இரண்டாவதில் ஊற்றினாள், முக்கினாள், மறுபடி ஊற்றினாள். தண்ணீரின் காரம் ஆசிட்டை விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் தாள் மஞ்சளாகி ஆரஞ்சை எட்டிப் பார்த்தது. ஐந்து. புளிப்பு நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. மூன்று நாளாயிற்று!

"அஞ்சுல என்ன அண்ணி இருக்கு?"

"ஏழுல இந்த என்சைமுக்குக் கை வராது தம்பி. அஞ்சுலதான் நூலக் கடிக்கும். அதுக்காக இன்னும் ஊத்தி ரெண்டு, மூணுக்கு எறக்கினா செத்தே போயிடும்."

"நேரத்தக் கடத்தாதீங்கம்மா," என்றார் மேனேஜர்.

"நாப்பது நிமிஷம் சார். நடுவுல நான் தூங்கிட்டா எழுப்புங்க."

கொழுந்தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். அவள் நாற்காலி கேட்கவில்லை. இரண்டு மெஷினுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேனேஜர் ஒருமுறை எழுந்துபோய்த் தாளைத் தானே முக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மெஷின் நின்றதும் இரண்டு காலையும் எடுத்து வந்தாள். முதலாவது போனபடியே வந்திருந்தது. இரண்டாவதில் தையலோரமெல்லாம் வெள்ளை வரி. முழங்காலில் வருஷக்கணக்கில் உடுத்தியதுபோல் ஒரு வெளிறல். அதை அப்படியே கடிதத்தின் மேல் வைத்தாள்.

"ஒரு துண்டத்த வச்சு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"இன்னும் முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது இருக்கு சார். எத்தன வேணும்?"

"அண்ணி," என்றான் கொழுந்தன் மெதுவாக, "பிழிஞ்சுட்டு வச்சிருக்கலாம்."

"தெரியும்."

துணியிலிருந்து நீலம் கசிந்து காகிதத்தில் ஊறியது. 'தூங்கிவிட்டேன்' கால் நீண்டு, உப்பி, பக்கத்து வரிக்குள் கரைந்தது. மேனேஜர் பேனாவை மூடவும் இல்லை, நீட்டவும் இல்லை. நீலம் மெதுவாகக் கையெழுத்துக்கான இடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.