மூடி கொடுக்கப்படாத தெருக்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை குப்பைக் கூடையிலிருந்து எடுத்தது. ஒரே கடிதத்தை மூன்று முறை எழுதிக் கசக்கிப் போட்டேன். நாலாவது தபாலில் போயிற்று. கசங்கிய மூன்றையும் நீவி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கடிதம் எழுதிய அன்று டாக்டரின் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்கு ஜன்னல் பக்கம், கொசு டாக்டர். இருபத்திரண்டு வருஷம் ஆய்வகத்தில் கொசுக் காய்ச்சலை ஆராய்ந்தவர். ஒருநாள் நுண்ணோக்கிக்கு உறை போட்டுவிட்டு, நகர்மன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். அவருக்கு எதிரே, கட்சியின் வட்டச் செயலாளர். கதவோரம் டாக்டரின் அக்கா, தையல்காரர். நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை ஓரத்தில், கோந்து பாட்டிலோடு, டாக்டரின் கடிதங்களை எழுதுகிற நான்.

2

கதைக்குத் தொடக்கம் ஒன்று: “ஒரு விஞ்ஞானி அரசியலுக்கு வந்த அன்று வானம்” – வானம் ஒன்றும் செய்யவில்லை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: “மக்கள் சேவையே தன் மூச்செனக் கொண்ட” – இது செயலாளர் அச்சடித்த துண்டறிக்கை. எப்படியோ என் பேனாவில் தொற்றிக்கொண்டது.

தொடக்கம் மூன்று: “டாக்டர் பன்னிரண்டு காகிதத் துண்டுகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.” இது தேவலை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

பன்னிரண்டு துண்டிலும் பன்னிரண்டு தெருப் பெயர். கையில் வந்த ஆறு தெருக்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு வலை மூடி. வாரம் ஒருமுறை வந்து பார்க்க ஒரு பணியாளர். டப்பாவில் தங்கிவிட்ட ஆறுக்கும் அடுத்த வருஷம்தான். அவற்றுக்கு ‘ஒப்பீட்டுத் தெரு’ என்று பெயர். மூடியால்தான் காய்ச்சல் குறைந்தது என்று நிரூபிக்க, மூடியில்லாத தெருவும் வேண்டுமாம். ஆய்வகத்தில் இப்படிச் செய்தால் கை தட்டுவார்கள். ஓட்டு வாங்கிய தெருவில் என்ன செய்வார்கள் என்று டாக்டர் யோசிக்கவில்லை.

டப்பாவில் தங்கியவற்றில் ஒன்று அக்காவின் தெரு.

“கூடப் பொறந்தவ தொட்டிக்கு ஒரு மூடி போட மனசு வரல. இவ ஊர்க் காய்ச்சலை ஓட்டப் போறாளாம்!” என்று தெருமுனையில் நின்று சொன்ன அக்கா, அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்தினார். எட்டு மாதம்.

(பிறகு ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார் என்று கேட்பீர்கள். காய்ச்சல் கண்டவர்களை ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் நோட்டில் குறித்துவந்தார். அக்காவின் தெருவுக்கு அக்காவேதான். நோட்டைக் கொடுக்க வந்தார். கொடுத்த பிறகும் போகவில்லை.)

3

செயலாளரை முதலில் வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. முப்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் சுவரொட்டி ஒட்டிய மனிதர். அவர் ஒட்டிய முகம் ஒன்றுகூட ஜெயித்ததில்லை, டாக்டரைத் தவிர. மீசையை எடுத்துவிட்டேன்.

சட்டமன்றத்துக்கு யாரை நிறுத்துவது என்று கட்சி மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது. டாக்டரின் திட்டம் எப்படிப் போனது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நாலு மணித் தபாலில் பதில் போக வேண்டும்.

“எழுதிக்கங்க,” என்றார் செயலாளர் என்னிடம். “மூடி போட்ட தெருக்கள்ல காய்ச்சல் வந்தவங்க போன வருஷம் தொண்ணூறு பேர், இந்த வருஷம் நாப்பத்தொண்ணு. முடிஞ்சுது. சீட் நமக்குத்தான்.”

“மத்த ஆறு தெரு?” என்றார் டாக்டர்.

“அங்கதான் ஒண்ணுமே செய்யலையே டாக்டர். செய்யாததை எதுக்கு எழுதணும்?”

டாக்டர் அட்டவணையை அவர் பக்கம் திருப்பினார். மூடி கொடுக்காத தெருக்கள்: போன வருஷம் எண்பத்தெட்டு. இந்த வருஷம் இருபத்துமூன்று.

செயலாளர் தாளைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். கதவோரம் அக்காவின் முதுகு குலுங்கியது.

4

“தம்பி, உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க,” என்றார் அக்கா என்னைப் பார்த்து. “பழைய ஜன்னல் வலை, கிழிஞ்ச கொசுவலைன்னு கைக்குக் கெடைச்சதை எல்லாம் வாங்கி, ராத்திரி பகலா நான்தான் தச்சேன். தொட்டிக்குத் தொட்டி அளவெடுத்து. மத்த அஞ்சு தெருக்காரங்களும் வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. எல்லாம் ரோஷம்!”

“அக்கா தச்சாங்களாம் டாக்டர்,” என்றேன்.

“கேட்டுச்சு.”

“இன்னொண்ணும் சொல்லுங்க. அவ மூடி குடுத்த தெருவுல போய்ப் பாக்கச் சொல்லுங்க. மூடியில காய்கறி கழுவிட்டு இருக்காங்க. கேட்டா, வாரா வாரம் ஒருத்தர் வர்றாரே, அவர் பாத்துப்பார்ங்கறாங்க!”

டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்று எழுதினேன், அடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி கழன்று கோந்தில் விழுகிற அளவுக்குச் சிரிப்பு.

“என் ஆராய்ச்சியையே கெடுத்துட்டியேக்கா! ஒப்பீட்டுத் தெரு சும்மா இருக்கணும். அது தானா வேலை செஞ்சா, ஆய்வகத்துல மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போடுவோம்.”

“அரசியல்ல?” என்றார் செயலாளர், கவலையோடு.

“அரசியல்ல அதுதானே வேணும்!”

“டாக்டர், பொய் சொல்லுங்கன்னா சொல்றேன்? பாதி சொல்லுங்கன்னுதானே சொல்றேன். எனக்கும் ஒரு தடவை, ஜெயிச்ச எம்.எல்.ஏ. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணும்னு இருக்காதா?”

நாற்காலிக் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“ஏய்,” என்றார். எட்டு மாதத்தில் முதல் சொல். “எங்க தெருவை விட்டுடுடி. நீ ஜெயிச்சா போதும்.”

5

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன். கதைக்கும் ஒப்பீட்டுத் தெரு வேண்டாமா? குப்பைக் கூடை நகல்கள் இதோ.

முதல் நகல்: பாதி அட்டவணை. சீட் கிடைக்கிறது. நகரம் முழுக்க மூடி. நகரம் முழுக்க அதில் காய்கறி.

இரண்டாவது: முழு அட்டவணை, கூடவே ‘மழை குறைவு, வெயில் அதிகம்’ என்று சாக்கு. டாக்டர் வேண்டாமென்றார்.

மூன்றாவது என் கைவரிசை. உண்மையைச் சொல்லிக் கண்ணீரோடு ராஜினாமா. டாக்டர் படித்துவிட்டு முறைத்தார்: “நான் எதுக்கு ராஜினாமா பண்ணணும்? தப்பாப் போனது என் கணிப்பு. நான் இல்ல.”

6

நாலாவதை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்:

“எண்கள் முழுவதும் இணைத்துள்ளேன். மூடி கொடுக்கப்படாத தெருக்களே மேல். என் தமக்கையும் அந்தத் தெருக்காரர்களும் சாதித்ததை நான் சாதித்ததாகச் சொல்ல இயலாது. மூடி தைக்கும் முறையை அவர்களைக் கொண்டே மற்றத் தெருக்களுக்குக் கற்றுத்தர விரும்புகிறேன். எனக்குச் சீட் கொடுத்தால் அதைப் பெரிதாகச் செய்யலாம். கொடுக்காவிட்டாலும் செய்வேன்.”

“கடைசி வரி தேவையா?” என்றார் செயலாளர் ஈனஸ்வரத்தில்.

“எங்க தெருவை விடலையாடி?” என்றார் அக்கா.

“இருபத்துமூணை எப்படிக்கா விடறது?”

அக்கா முந்தானையால் டாக்டரின் கண்ணாடியில் இருந்த கோந்தைத் துடைத்தார். அது துடைக்கத் துடைக்க மேலும் பரவியது.

சீட் கிடைத்ததா? மேலிடத்தின் பதில் வந்துவிட்டது. என் மேசையில்தான் இருக்கிறது. சொல்ல மாட்டேன். முடிவைத் தைத்துக் கையில் கொடுத்தால், அதில் நீங்கள் காய்கறி கழுவிவிடுவீர்கள். நீங்கள் என் ஒப்பீட்டுத் தெரு. பழைய வலை எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

நான் பார்த்தது இவ்வளவு: மணி மூன்று ஐம்பத்தைந்து. உறைக்குள் கடிதத்தை மடித்து வைத்தேன். கோந்து தடவினேன். டாக்டர் தபால்தலை ஒட்டினார், கொஞ்சம் கோணலாக. அதன் மேல் அக்கா கட்டைவிரலால் ஒரு அழுத்து. செயலாளர் உறையைப் பிடுங்கிக்கொண்டார். எங்கே, கிழித்துவிடுவாரோ என்று மூன்று பேரும் எழுந்தோம். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனைத் தபால்பெட்டிக்கு ஓடினார், பின்னாலேயே நாங்களும். பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்துவிட்டு, முப்பது வருஷம் சுவரொட்டி ஒட்டிய கையால் அதை ஒருமுறை நீவிவிட்டார்.

பிறகு கையை எடுத்தார்.