மாதிரித் தங்கத்தில் ஈயம்

உமாமகேஸ்வரி யாரையும் நம்பமாட்டாள் என்று சொல்வது தப்பு. சான்றிதழோடு வந்தால் நம்புவாள். சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருந்த தங்கப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருஷமாக அவள்தான் கெமிஸ்ட். கடைக்காரர்கள் கொண்டுவரும் வளையலையும் சங்கிலியையும் எக்ஸ்ரே கருவிக்குள் வைத்து, தங்கம் எத்தனை சதவீதம், செம்பு எத்தனை என்று எழுதிக் கொடுப்பாள்.

அந்தக் கருவி உண்மை பேசுகிறதா என்று பார்க்க ஒரு சின்னத் தங்க வில்லை இருந்தது. இவ்வளவு தங்கம், இவ்வளவு வெள்ளி, இவ்வளவு செம்பு என்று புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை சான்றிதழோடு வந்த மாதிரித் தங்கம். தினமும் காலையில் முதலில் அதைச் சோதிப்பாள். சான்றிதழில் உள்ள எண் வந்தால்தான் மற்ற வேலை. நகைகளைக் கையுறை போட்டு எடுப்பாள். வில்லைக்கு அதுவும் போதாது, தனி இடுக்கி.

முதலாளி தங்கராஜு ஒரு தடவை அதை விரலால் தொட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் காசு போட்டு வாங்கினது லா."

"அதுக்காக? உங்க விரல்ல காலையில சாப்பிட்ட வடை இருக்கு, பாஸ்."

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, வழக்கம்போல இடுக்கியால் வில்லையை எடுத்து வைத்தாள். திரையில் தங்கம் வந்தது, வெள்ளி வந்தது, செம்பு வந்தது. அதற்குக் கீழே ஈயம் என்று ஒரு வரி. சான்றிதழில் ஈயமே கிடையாது. வில்லையைத் துடைத்து அதே இடுக்கியால் மறுபடி வைத்தாள். ஈயம். மூன்றாம் தடவையும் அதேதான்.

"மெஷின்ல ஏதாச்சும் கோளாறா?" என்றார் தங்கராஜு.

"வளையல் வெச்சுப் பாத்தேன், ஈயம் காட்டல. டிஸ்க்குதான் மோசம்."

வில்லையை விற்ற ஜூரோங் கம்பெனிக்கு ஐந்து பத்தியில் மெயில் பறந்தது. 'சான்றிதழ் என்ற சொல்லின் பொருள் தங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன்' என்று ஒரு வரி. அது அவளுக்கே மிகவும் பிடித்துப்போய், அனுப்புமுன் இரண்டு தடவை வாசித்துக்கொண்டாள்.

மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து திலீப் என்ற இளைஞன் நேரிலேயே வந்துவிட்டான்.

"மெயில் படிச்சோம் மேடம். எங்க பாஸ் அத பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காரு."

"கோபமா இருக்காரா?"

"இல்ல, இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்காம்." சிரிக்காமல் சொன்னான். "தினமும் செய்யற மாதிரி ஒரு தடவ செஞ்சு காட்டுறீங்களா?"

செய்து காட்டினாள். ஈயம் வந்தது. "பாத்தீங்களா?" என்று திரும்பினால், அவன் திரையையே பார்க்கவில்லை. இடுக்கியை வாங்கி, அதன் உள்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் ஒரு தேய்ப்புத் தேய்த்தான். டிஷ்யூவில் சிவப்பாக ஒரு கோடு.

உமா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். முந்தின நாள் கருவிக்கு, கம்ப்யூட்டருக்கு, தராசுக்கு எல்லாம் குங்குமப் பொட்டு வைத்தவள் அவள்தான். இடுக்கியை மட்டும் விட்டுவிட்டால் பாவம் என்று அதன் இரண்டு காலுக்கும் ஆளுக்கொன்று வைத்தாள். சாயங்காலம் வெளிப்பக்கம் துடைத்தாள். உள்பக்கம் வழிந்ததைக் கவனிக்கவில்லை.

"குங்குமத்துல போய் ஈயமா?" என்றாள், சின்னக் குரலில்.

திலீப் டிஷ்யூவையே கருவிக்குள் வைத்தான். ஈயத்தின் கோடு திரையில் கோபுரம் மாதிரி எழுந்து நின்றது.

தங்கராஜு தன் பத்து விரல்களையும் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.  திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"டிஸ்க் சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது, ஸாரி," என்றாள் உமா.

"எனக்கு எதுக்கு மேடம்? பாஸுக்கு எழுதுங்க. அதையும் பிரிண்ட் எடுப்பாரு."

இரண்டே வரியில் எழுதினாள். அதற்குள் திலீப் இடுக்கியைக் கழுவி, வில்லையை ஆல்கஹாலால் துடைத்து வைத்திருந்தான். ஈயம் காணாமல் போயிருந்தது.

ஆனால் உமாவுக்கு மனசு ஆறவில்லை. அந்தக் குங்குமம் தோ பாயோவில் இருக்கும் அம்மாவின் டப்பாவிலிருந்து வந்தது. உடனே போன் போட்டாள்.

"அம்மா, அந்தக் குங்குமத்த வெச்சுக்காதீங்க. ஈயம் இருக்கு."

"யாரு சொன்னா?"

"மெஷின்ல பாத்தேம்மா."

"நான் தினமும் வெச்சுக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல. உன் மெஷினுக்குத்தான் ஒத்துக்கல போல."

"விளையாடாதீங்க. தூக்கிப் போடுங்க."

"குங்குமத்த யாராவது குப்பையில போடுவாங்களாடி? நீயே வந்து போடு. வரும்போது நல்லதா வேற வாங்கிட்டு வா."

வேலை முடிந்ததும் உமா மூன்று கடைகளில் மூன்று பொட்டலம் வாங்கினாள். மாடியேறி வந்து மூன்றையும் சோதித்தாள். மஞ்சளில் செய்த ஒன்றில் ஈயம் துளியும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "கலரே பத்தலையே," என்றார். ஆனாலும் டப்பாவைக் கழுவித் துடைத்து, புதுக் குங்குமத்தை அதில் கொட்டி, முதல் பொட்டை மகளின் நெற்றியில் வைத்தார்.