ஒன்பது சிடிகள்

பதினான்கு பழைய சிடிகள் வைத்திருந்த பெட்டியில் ஐந்துதான் இருந்தன. மூடியின் மேல் கறுப்பு மார்க்கரில் ‘சிடி – 14 – அலங்காரத்துக்கு’ என்று என் கையெழுத்து தெளிவாகவே இருந்தது. இரண்டு முறை எண்ணினேன். பன்னிரண்டு வருடம் ஒரு கிடங்கில் ஸ்டாக் பார்த்தவள் நான். எண்ணிக்கை இடித்தால் பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கிடங்கை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் தூங்கினேன். இரண்டாம் வாரம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மூன்றாம் வாரம் பரணில் ஏறினேன். அங்கிருந்து ஆரம்பித்து வீட்டிலிருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சீட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நோட்டு என்று ஆகிவிட்டது. என் கணவர் குளியலறைக்குள்ளிருந்து, “ஸ்டோர் மேடம், துண்டு எந்த ரேக்?” என்று குரல் கொடுப்பார். சிரிப்பேன். சிரித்து முடித்ததும், அடுத்த அலமாரி எது என்று மனம் தேடும். அடுக்க ஒன்றும் இல்லாத நாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

வருடக் கடைசி விடுமுறைக்கு நாத்தனார் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். இந்த முறை கடையில் ஒன்றும் வாங்குவதில்லை, வீட்டில் கிடப்பதை வைத்தே அலங்காரம் என்று நான் அறிவித்தேன். அத்தை உடனே பழைய அழைப்பிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு நட்சத்திரம் வெட்ட உட்கார்ந்துவிட்டார். மாமாதான் செய்தித்தாளைத் தாழ்த்தாமலேயே, “குப்பையைத் தூக்கித் தொங்கவிட்டா தோரணம் ஆயிடுமா?” என்றார்.

முதலில் காணாமல் போனது நைலான் நூல்கண்டு. பிறகு சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளில் பாதி. பிறகு தங்கநிற ரிப்பன். இப்போது சிடி. “எலியா இருக்கும். பாட்டு கேக்கற எலி” என்றார் கணவர். நான் நோட்டைப் புரட்டினேன். தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் தட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் குறையவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு மட்டும் வாக்கிங் போகாதவர் ஒருவர்தான்.

அன்று மூன்று மணிக்கு மாமா செருப்பு மாட்டக் குனிந்தபோது துணிப்பையிலிருந்து ‘சலக்’ என்று சத்தம் வந்தது. நடக்கப் போகிறவரின் பை எதற்காகச் சலசலக்க வேண்டும்? மருந்துக்கடைக்கு என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, பாதித் தெரு இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் முதன்முறையாக என் கால்களுக்கு அவசரம் வந்திருந்தது.

மூன்றாவது தெருவில், சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு தரைத்தள வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது மாமா ஸ்டூலில் ஏறி, பல்லில் நூலைக் கடித்தபடி சீலிங்கில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வயதொத்த ஒரு பெண்மணி ஸ்டூலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். சுவர்கள் வெறுமையாக இருந்தன. அலங்காரம் மொத்தமும் தலைக்கு மேலேதான். என் சிடிகள், என் ரிப்பன், வெள்ளித்தாளில் கோணல்மாணலாக வெட்டிய பூக்கள். சீலிங் ஃபேனின் இறக்கைகளைக்கூடக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். தரையில் ஒரு டேபிள் ஃபேன் தலையாட்டிக்கொண்டிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. “உள்ள வந்து கதவைச் சாத்தும்மா. காத்துல எல்லாம் சிக்கிக்குது” என்றார்.

“ஏன் மாமா எல்லாத்தையும் மேலயே கட்டறீங்க? சுவத்துல…” என்று கேட்கும்போதே கட்டிலைப் பார்த்துவிட்டேன். ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். கட்டிலுக்குள் அடங்காத நீளம். வெளியே நீண்ட பாதங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அண்டக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாதங்களைப் பார்த்ததும் ஆள் யார் என்று புரிந்தது. நெட்டை.

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை எடுத்தால் அத்தை எழுந்து போய்விடுவார். ஒரு பெரிய அலுவலகக் கட்டிடத்தில் பக்கத்துப் பக்கத்து லிப்டுகளை மாமாவும் நெட்டையும் பதினாறு வருடம் இயக்கியவர்கள். ஒருநாள் மாமாவின் லிப்ட் ஆட்களோடு நடுவில் நின்றுபோனது. விசாரணையில் நெட்டை பொய் சொல்லி மாட்டிவிட்டார் என்றும், அதனால்தான் மாமாவை வெளியூர்க் கிளைக்குத் தூக்கியடித்தார்கள் என்றும் கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

திரும்பி வரும்போது மாமாவாகவே பேசினார்.

“வாதம் வந்து எட்டு மாசம். பேச்சு போயிடுச்சு. கழுத்தும் திரும்பாது. அவனுக்குப் போயி சுவரை ஜோடிச்சா யாரு பாக்கறது?”

“உங்களை மாட்டிவிட்டவர்தானே மாமா அவரு?”

மாமா நின்றுவிட்டார். தெருவோரத்தில் யாரோ துணி உதறினார்கள். அது முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லிப்ட் நின்னப்போ நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அவனைக் கேட்டாங்க. உள்ளதைச் சொன்னான்.”

“அத்தைக்கு இது…?”

“அவகிட்ட நான் வேற மாதிரி சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல நேரமே வரலம்மா.”

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜை முழுக்க நட்சத்திரங்கள். அத்தை கத்தரிக்கோலை நிறுத்தாமல், “சிடி கெடச்சுதா?” என்று கேட்டார். கிடங்கில் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தோம். சேதாரம். எழுதிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பேனா கையிலேயே இருந்தது. மாமாவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன்.

“நான்தான் எடுத்தேன்” என்றார் மாமா. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டீயை மட்டும் கடைசியில், குரலே எழும்பாமல் சொன்னார்.

அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “பதினோரு வருஷம் வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனீங்க. ரெண்டு புள்ளைங்களையும் ஒத்தையா இழுத்துக்கிட்டு அலைஞ்சேன். அத்தனை நாளும் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசினேன். நீங்க கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அத்தை மாமாவிடம் பேசவில்லை. காபி வந்தது, துணி மடித்து வந்தது, பேச்சு வரவில்லை. நட்சத்திரங்கள் பாதி வெட்டியபடியே கிடந்தன. என் கணவர்கூடக் கேலியை நிறுத்திவிட்டார். நானே தேவையில்லாமல் எண்ணப் போய்க் கிளறிவிட்டேனோ என்று பெட்டிகளைத் தொடவே கை வரவில்லை.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு மாமா பையை எடுத்தபோது, அத்தை வாசலில் செருப்போடு நின்றிருந்தார்.

“நீ எங்க?” என்றார் மாமா.

“நடங்க.”

மூன்று பேரும் போனோம். நெட்டையின் மனைவி அத்தையைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கினார். அத்தை அறைக்குள் வந்து, கட்டிலில் கிடந்த அந்த நீளமான உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மாமா அவசரமாக ஸ்டூலில் ஏறினார்.

நெட்டைக்கு வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். மேலே தூக்கினால் ஏற்று, கீழே காட்டினால் இறக்கு. அன்று விரல் கீழேயே காட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒரு சிடியை இறக்கினார். விரல் மறுபடியும் கீழே. இன்னொன்றை இறக்கினார். அப்போதும் கீழே. “எதைடா சொல்றே?” என்றார் மாமா, வியர்த்து. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

“நின்னுக்கிட்டுப் பாத்தா எப்படித் தெரியும்?” என்றார் அத்தை.

முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்தார். நெட்டையின் மனைவி தலையணை எடுக்க ஓடினார். அத்தை வேண்டாம் என்று கையசைத்தார். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜன்னல் பக்கத்துலேர்ந்து மூணாவது. வெயிலை வாங்கி நேரா கண்ணுல அடிக்குது. அதை எறக்குங்க.”

மாமா இறக்கினார். விரல் நின்றது.

மாமா ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, எழுந்திருக்க உதவ அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. டேபிள் ஃபேன் அந்தப் பக்கமாகத் திரும்பியது. சிடிகள் ஒவ்வொன்றாகச் சுழல ஆரம்பித்தன. பச்சையும் ஊதாவுமான வட்டங்கள் கூரையில் ஊர்ந்து, வெற்றுச் சுவரில் வழிந்து, நாற்காலியில் கிடந்த அந்த நீண்ட பாதங்களைக் கடந்து, தரையில் படுத்திருந்த அத்தையின் முகத்தில் ஏறின. அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. கட்டிலில் ஒருவரும் தரையில் ஒருவருமாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.