பெறப்பட்ட தேதி

வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடந்தன. தம்பி அடி நாற்காலியைக் காலால் மிதித்துக்கொண்டு மேல் நாற்காலியை இழுத்தபோதுதான், தெருமுனையில் குடைக்காரர் மலர்வளையத்தோடு காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். பின்னாலேயே நகரமன்றச் செயலாளர். 

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்திரண்டு வயது. நகரமன்ற அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். வருகிற காகிதத்துக்கெல்லாம் தேதி முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றுவது வேலை. ஆனால் தெருவுக்கு அவர் சீப்பக்காவின் தம்பி, அவ்வளவுதான். அக்கா தையல்காரி. வார்டு தேர்தலில் நின்றபோது அவளுக்குச் சீப்புச் சின்னம் கொடுத்தார்கள், அதுவே பெயராகிவிட்டது. "நல்லவேளை, எலிப்பொறி கிடைக்கலை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நேற்றுச் சாயங்காலம் தையல் மெஷின்மேல் கவிழ்ந்தவள் அப்புறம் நிமிரவில்லை.

அந்தத் தேர்தலில் குடைச் சின்னத்தில் நின்று குடைக்காரரான இரும்புக்கடைக்காரர் ஒன்பது ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அக்கா வழக்குப் போட்டாள். செல்லாது என்று ஒதுக்கிய ஓட்டுகளைக் கோர்ட்டு மறுபடி எண்ணிப் பார்த்து, மூன்று ஓட்டில் ஜெயித்தது அக்காதான் என்றது. குடைக்காரர் மேல்முறையீட்டுக்கு ஓடினார். அது முடியும்வரை ஜெயித்தவள் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்று கோர்ட்டு இன்னொரு உத்தரவும் போட்டது. இந்த உத்தரவு அலுவலகத்தில் பெறப்பட்ட தேதியிலிருந்து, மேல்முறையீடு முடியும்வரை, வழக்குத் தொடுத்த இவரே வார்டு உறுப்பினர் என்றது அது.

அந்த உத்தரவு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். முத்திரை விழாமல் தம்பியின் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

"மேல்கோர்ட்டுல எப்படியும் தடை வாங்கிடுவாங்க. நாலு நாள் பொறுங்க, குத்தாதீங்க" என்று செயலாளர்தான் சொன்னார். ஆனால் பழியைச் செயலாளர் தலையில் மட்டும் போட்டுவிட்டுத் தப்பிக்கத் தம்பியால் முடியவில்லை. உறுப்பினர் உள்ளே வந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். தோளில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு அக்கா வருவாள், இவர் எழுந்து நின்று மேடம் என்று சொல்ல வேண்டும், பக்கத்து மேஜைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதை நினைத்தபோதெல்லாம் இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உத்தரவை அனுப்பியாகிவிட்டது என்று வக்கீல் சொன்ன நாளிலிருந்து அக்கா தினமும் கேட்டாள்.

"வந்துச்சாடா?"

"இன்னும் வரலைக்கா."

"கோர்ட்டுலேர்ந்து நடந்தே வருது போல. சரி விடு. நீ அங்க இருக்கிறப்ப எனக்கென்ன கவலை."

குடைக்காரர் மலர்வளையத்தை அக்காவின் காலடியில் வைத்தார். நாடாவில் அவர் பெயருக்குக் கீழே வார்டு உறுப்பினர் என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது.   தம்பியின் கண் அக்காவின் தலைக்கடியில் இருந்தது. தலையணை உயரமாக இருந்ததென்று எடுத்துவிட்டு, அவள் மகள் ஒரு சின்ன நீல மெத்தையை வைத்திருந்தாள். மன்றக் கூட்டத்தின் மர நாற்காலி இடுப்பை வாங்கிவிடும் என்று கேள்விப்பட்டு, முதல் கூட்டத்துக்கு எடுத்துப்போக அக்கா போன வாரம் தைத்த மெத்தை அது.

செயலாளர் தம்பியின் முழங்கையைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். எடுக்கிறதுக்கு நாலு மணி ஆகும்ல? ஆபீஸுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க. அந்தத் தபாலுக்கு இன்னைக்குத் தேதி குத்திடுவோம். கொண்டுவந்த கோர்ட்டு ஆளுக்குக் கையெழுத்து மட்டும்தானே போட்டீங்க, தேதி போடலையே?"

"போடலை சார்."

"அப்ப யாருக்கும் பாதகமில்லை. அவங்களே போனப்புறம் இதுல என்ன இருக்கு?"

அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. தம்பி செயலாளரின் காரில் ஏறாமல் நடந்தே போனார். இழுப்பறையைத் திறந்தார். உறை பிரித்தது பிரித்தபடி இருந்தது. தேதி முத்திரையைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் சின்ன ரப்பர் சக்கரத்தை நகத்தால் ஒவ்வொரு எண்ணாகப் பின்னால் தள்ளினார். ஒவ்வொரு எண்ணிலும் அக்கா வந்து கேட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமை ஜுரத்தோடு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை இவருக்குச் சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். அன்றைக்குக்கூட வரலை என்றுதான் சொன்னார்.

குத்தினார். பதிவேட்டிலும் எழுதினார். பெறப்பட்ட தேதி, அதற்கு நேரே பன்னிரண்டு நாள் தாமதம், காரணம் என்ற இடத்தில் தன் பெயர்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன தேதி இது?"

"வந்த தேதி சார்."

"வேலை போயிடும். விளையாடுறீங்களா?"

"தெரியும் சார்."

"உங்க அக்காவுக்கு இனிமே இதனால என்ன கிடைக்கப் போகுது?"

தம்பி பதிவேட்டை மூடினார். ஒரு நகல் எடுத்து மடித்துக்கொண்டு கிளம்பினார். பூட்டாமல் விட்ட இழுப்பறை நினைவுக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை.

வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிட்டீங்க மாமா? சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க."

"ஆபீஸுக்கு."

"இன்னைக்குமா?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து மதியம் சாப்பிடறப்பகூட சொன்னாங்க. வந்ததும் தம்பி ஓடி வந்து சொல்லுவான் பாருன்னு."

தம்பி நகலை நீட்டினார்.

"வந்துச்சும்மா. பன்னிரண்டு நாளாச்சு. நான்தான் வச்சிருந்தேன்."

அவள் வாங்கிப் படித்தாள். முத்திரையில் இருந்த தேதியைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். இவரைத் திட்டுவாள், காகிதத்தை முகத்தில் எறிவாள் என்று தம்பி எதிர்பார்த்தார். அப்படி நடந்திருந்தால் தேவலை. அவள் காகிதத்தை நாலாக மடித்து அம்மாவின் விரல்களுக்குள் செருகினாள். நீல மெத்தையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தம்பியின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

"காலையிலேர்ந்து நிக்கிறீங்க. உட்காருங்க."

"இருக்கட்டும்" என்றார் தம்பி.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வரும்வரை அவர் மட்டும் அக்காவின் எதிரில், இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.