ஒச்சம்மாளுக்கு ஒரு ஜோடி ஷாக்கப்சர்

சோழவந்தான் முத்திருளனின் பிக்கப் வண்டி ரோட்டில் ஓடிய நேரத்தைவிட வானத்தில் ஓடிய நேரம்தான் அதிகம். சின்னக் கல் போதும், பின்பக்கம் எழும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இறங்கும். மேகத்தில் தலை இடித்ததாக முத்திருளனே சொல்லித் திரிவார். அவர் ஏற்றும் வெற்றிலைக் கட்டுக்கு அது போதும். முதுகெலும்பில் நோய் இறங்கிய பெண்டாட்டி ஒச்சம்மாளுக்கு ஆகுமா?

அவளுக்கோ ஒரே ஆசை. கொட்டாம்பட்டியில் இருக்கும் தங்கச்சி முனீஸ்வரியிடம் ஏதோ ஒரு காதுகுத்தில் சண்டை பிடித்து, "உன் வீட்டுச் சோறு எனக்கு வேணாம்" என்று இலையை மூடிவிட்டு வந்தவள் அவள். சொன்னவள்தான் படியேறிப் போய்ச் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. கண் மூடுவதற்குள் அந்த வாக்கைத் தின்றுவிட வேண்டும். கார் பிடிக்கலாமென்றால் சம்மதிக்கவில்லை. நோயாளியாகப் போய் இறங்க மாட்டாளாம். புருஷன் வண்டியில், முன்சீட்டில் உட்கார்ந்துதான் போவாளாம்.

வண்டியின் குதியாட்டத்தை அடக்கப் புது ஷாக்கப்சர் வாங்க முத்திருளன் ஒத்தக்கடைக்கு ஓடினார். பட்டறை வைத்திருக்கும் சோணைமுத்து, "லோடு எம்புட்டுண்ணே ஏத்துவீக?" என்று கேட்டான். எந்த டிரைவர் லோடைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான்? சொன்னால் நாக்கு அழுகிவிடாதா? வெற்றிலையைத் தவிர வேறெதுவும் ஏற்றியறியாத முத்திருளன், மீசையைத் தடவிக்கொண்டு, "ரெண்டு டன்னு" என்றார். சோணைமுத்து மலையைத் தாங்கும் சாதியில் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுவாசலில் ஜாக்கி வைத்து அவரே மாட்டினார். பழைய போல்ட்டு பாண்டியர் காலத்தில் முடுக்கியதுபோல அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் கொஞ்சி, குலசாமியைக் கூப்பிட்டு, ஒருவழியாகக் கழற்றினார். புதுசு மாட்டியதும் வண்டிக்குக் கல்யாணக்களை வந்துவிட்டதாம். ஒச்சம்மாள் கட்டிலில் கிடந்தபடி, பெண்டாட்டியை இப்படித் தடவிப் பார்த்ததுண்டா என்று கேட்டுச் சிரித்தாள்.

ஒச்சம்மாளை முன்சீட்டில் ஏற்றிக் கிளம்பி, தேனூர்கூடத் தாண்டவில்லை. காலி வண்டியில் அந்த முரட்டு ஷாக்கப்சர் ஒவ்வொரு குழியையும் குத்தாக வாங்கிச் சீட்டுக்கு அனுப்பியது. ஒச்சம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "வண்டியத் திருப்புங்க."

சோணைமுத்துவிடம் போய்க் கத்தித் தீர்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அத்தாச்சியக் கூட்டிப்போகன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே? சாதா ஷாக்கே பூமாதிரி போயிருக்குமே." மெத்தென்ற ஜோடி வருகிறவரை பின்னால் மணல்மூட்டை ஏற்றச் சொன்னான். ஏற்றினார். வண்டி கண்மாயில் வாத்து போகிறமாதிரி போனது.

வீட்டுக்கு வந்தால், ஒச்சம்மாளை உட்கார வைக்கவே முடியவில்லை. மகன் அசோக்குமார் தலைமாட்டில் இருந்தான். அவள் முத்திருளனை ஜாடையால் கூப்பிட்டாள்.

"நான் போக முடியாது. நீங்க போயி அவ கையால கஞ்சி வாங்கிட்டு வாங்க. எங்க தின்னாலும் அவ உலைதானே."

கொட்டாம்பட்டியில் விஷயத்தைச் சொன்னதும் முனீஸ்வரி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். அடுப்பை மூட்டினாள், கஞ்சி காய்ச்சினாள், தூக்குவாளியோடு தானும் வந்து ஏறிக்கொண்டாள். அக்கா சூடு தாங்க மாட்டாள், போகப்போக ஆறட்டும் என்று மூடியைக் கழற்றி, வாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேலூர் தாண்டியதும் போன் வந்தது. முத்திருளன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் பேசினார். அசோக்குமாரால் முழுசாகச் சொல்லவும் முடியவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து ஏறியவருக்குச் சாவித் துவாரம் அகப்படவில்லை.

யாரு மச்சான் என்று முனீஸ்வரி கேட்டாள். லோடுக்குக் கூப்பிடுறாங்க என்றார்.

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. அலுங்கவே இல்லை. முனீஸ்வரி வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"மெதுவாவே போங்க மச்சான். அக்காவுக்குக் கொண்டு போறது, சிந்திரக் கூடாது."

"சிந்தாது," என்றார் முத்திருளன்.