சனிக்கிழமை எண்ணெய்

என் வீட்டுக்காரர் நார்மனுக்கு வீம்பு எலும்பு வரைக்கும் உண்டு. போன மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீம்பு மட்டும் முறியவில்லை. இன்னொரு முறை விழுந்தால் படுக்கைதான், நடக்கவே முடியாது என்று பிளேட் வைத்த டாக்டர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

கட்கியில் பழைய வீட்டில் இருந்தவரைக்கும் சொரசொரப்பான கல்தரை, ஒரு வாளி, ஒரு மக். அவர் ரிட்டயரான பிறகு சிஞ்ச்வட்டில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். முன்னால் இருந்த மகராசன் ஆசைப்பட்டு, பாத்ரூமை அடைத்துக்கொண்டு வெள்ளை டப் ஒன்றைக் கட்டியிருந்தார். பெயர்த்தால் கீழ்வீட்டில் ஒழுகும் என்று குடியிருப்பு சொசைட்டியில் தடுத்துவிட்டார்கள். அதற்குள் இறங்கித்தான் குளிக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து மகள் கெசியா ஸ்டீல் கைப்பிடி வாங்கி அனுப்பினாள். அதைச் சுவரில் மாட்ட வந்த பிளம்பர் அப்துல் காதரை, இது வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் இவர். உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் போட்டால் வேண்டாம். நான் கூட நின்றாலும் வேண்டாம். தாழ்ப்பாளாவது போடாதீர்கள் என்றதற்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட எனக்கு மனசு வருமா? அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்கள் வைத்த நீல ரப்பர் பாய் ஒன்றை வாங்கி வந்து, டப்புக்குள் விரித்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவர் தலைக்கும் முதுகுக்கும் நான்தான் தேய்த்துவிடுவேன். அன்றைக்கும் நல்லெண்ணெயைக் காய்ச்சி, இளஞ்சூட்டோடு தேய்த்தேன். தோள் விறைத்தே இருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஊறியபின் சீயக்காய்க் கிண்ணத்தோடு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ரப்பர் இழுபடும் சத்தம், அதோடு மக் உருளும் சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ போ."

குரல் தாழ்வாக, தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, சறுக்கி உட்கார்ந்துவிட்டேன், எந்திரிக்க முடியவில்லை என்றார். குழாயை மூடச் சொன்னேன். எட்டவில்லை என்றார். பிறகு, "பாய் நழுவிப் போயி ஓட்டைய அடைச்சிக்கிச்சு, மேவிஸ். கை எட்டல. தண்ணி ஏறுது. சூடா இருக்கு" என்றார்.

கீஸர் ஸ்விட்ச் வெளியில்தான் இருந்தது. அணைத்தேன். ஆனால் அதன் டாங்கியில் இருக்கும் கொதிதண்ணீர் எங்கே போகும்? அடுப்படி பால்கனிக்கு ஓடி, வீட்டுக்கே தண்ணீர் வரும் வால்வைத் திருகினேன். துருப்பிடித்த சனியன் திரும்பவே இல்லை. புடவைத் தலைப்பைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் மெலிந்து நின்றது. அந்த நேரம் நான் கர்த்தரைக் கூப்பிட்ட மாதிரி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

பிளாஸ்டிக் கதவுதான். தோளால் ஒரு இடி, இன்னொரு இடி. தாழ்ப்பாள் திருகாணியோடு பெயர்ந்து விழுந்தது.

வயிறளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். தொடை சிவந்திருந்தது. தண்ணீர் மேலெல்லாம் எண்ணெய் மிதந்தது. பாயை இழுத்தேன், சவம் மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் தடவிப் பார்த்தால் டப் முழுக்க வழவழவென்று எண்ணெய்ப் பிசுக்கு. வாராவாரம் படிந்ததை வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறேன். பாயை நடுவில் அழுத்திப் பார்த்துவிட்டு, அவர் காலை ஊன்றும் ஓரத்தைப் பார்க்கவே இல்லை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் இதில்தானே குளிக்கிறீர்கள், வழுக்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா நொந்துவிடும் என்று கத்தினேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தினமும் எங்க குளிச்சேன்? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு குழாயத் திறந்துவிட்டுட்டு டப்புக்கு வெளியவே நிப்பேன். துண்ட நனைச்சுத் துடைச்சிக்கிட்டு வந்திருவேன். சனிக்கிழமை மட்டும் நீ எண்ணெய் தேய்ச்சு விட்டுர்ற. இறங்காம முடியாதே."

வாரம் முழுக்கப் பயந்து தப்பித்த மனுஷனை, வழுக்குகிற நாளாகப் பார்த்து என் கையாலேயே தேய்த்து அனுப்பியிருக்கிறேன். அவர் தோள் ஏன் விறைத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

காதரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். சரியென்று தலையை ஆட்டினார். துண்டைச் சுற்றிவிட்டேன். காதர் வந்து பின்னாலிருந்து அணைத்துத் தூக்கினார். நிற்க வைத்தபோது இடது கால் ஊன்றுமா என்று பார்த்தேன். ஊன்றியது.

அலமாரியில் கிடந்த கைப்பிடியை நான் எடுத்துக் கொடுத்தேன். காதர் சுவரில் துளை போடும் சத்தம் வீடெல்லாம் கேட்டது. நார்மன் தலையில் எண்ணெயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும், உடைந்த தாழ்ப்பாளுக்குப் புதிது போடட்டுமா என்று காதர் இந்தியில் கேட்டார். நான் நார்மனைப் பார்த்தேன்.

வேண்டாம் என்று நார்மன் சொன்னார்.

காதர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "தலையில எண்ணெய் அப்படியே இருக்கு. நீயும் உள்ள வா. எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். வால்வைத் திறந்துவிட்டு, சோப்புப் பொடி போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். டப்பைத் துடைத்துப் பாயைப் புதிதாக ஒட்டி, ஸ்டூலை வைத்தேன். பிறகு வெறுங்காலோடு நானே ஏறி நின்று, ஒவ்வொரு ஓரமாக மிதித்துப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.